ரத்த மாதிரி விமானம் ஏறிவிடுகிறது, அறிவு எங்கே தங்குகிறது?

2007 ஏப்ரலில், பசிபிக் பெருங்கடலில் இருக்கும் யாப் என்ற தீவில் மருத்துவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்தது. வந்தவர்களுக்குக் காய்ச்சல் பெரிதாக இல்லை, ஆனால் உடம்பெல்லாம் தடிப்பு, கண் சிவப்பு, மூட்டு வலி. கையில் இருந்த டெங்கு பரிசோதனை கிட்டில் சிலருக்கு பாசிட்டிவ் என்றும் வந்தது. டெங்கு என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருக்கலாம். ஆனால் அந்த மருத்துவர்கள், நாங்கள் இதுவரை பார்த்த டெங்கு இப்படி இருக்காதே என்று யோசித்து ரத்த மாதிரிகளை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அங்கே பார்த்தால், ஜிக்கா வைரஸ்.

அதுவரை ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் அங்கொருவர் இங்கொருவர் என்றுதான் ஜிக்கா பதிவாகியிருந்தது. யாப், மைக்ரோனீசியக் கூட்டாட்சி என்ற குட்டி நாட்டின் ஒரு மாநிலம், அன்றைய கணக்கில் மொத்தமே 7,391 பேர். வீடுகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து ரத்தம் எடுத்துப் பார்த்ததில், மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களில் 73 சதவீதம் பேருக்குத் தொற்று வந்துபோயிருக்கும் என்று தெரிந்தது. பெரும்பாலானவர்களுக்கு அறிகுறியே இல்லை, யாரும் சாகவும் இல்லை, அதனால் உலகம் அதைப் படித்துவிட்டு மறந்துவிட்டது. 2013 அக்டோபரில் அதே வைரஸ் பிரெஞ்சு பாலினேசியாவுக்கு வந்தது. அடுத்த சில மாதங்களில் 42 பேருக்கு கில்லன்-பாரே நோய் வந்தது, அதாவது நரம்பு பாதிக்கப்பட்டு கை கால் விழுந்துவிடும் நோய். 2015-ல் பிரேசிலில் தலை சிறுத்துப் பிறந்த குழந்தைகளைப் பார்த்து உலகம் பதறியபோது, ஜிக்காவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்ற கேள்விக்குப் பதில் சொல்லக் கையில் இருந்த நல்ல ஆதாரங்களில் முக்கியமானவை இந்தத் தீவுகளிலிருந்துதான் வந்தன. பிரெஞ்சு பாலினேசியாவின் முக்கியத் தீவான டஹிடியில் லூயி மலார்டே ஆய்வு நிறுவனம் இருந்தது, நோயாளிகளின் ரத்த மாதிரிகள் சேமிப்பில் இருந்தன, மருத்துவமனைப் பதிவுகள் ஒழுங்காக இருந்தன. பழைய பதிவுகளைத் திரும்பப் புரட்டிப் பார்த்தபோது, கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் தொற்று வந்த பெண்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவரின் குழந்தைக்குத் தலை சிறுத்திருக்கும் அபாயம் என்ற கணக்கு அங்கிருந்துதான் கிடைத்தது.

தீவுகளுக்கு இப்படி ஒரு தன்மை இருக்கிறது. உள்ளே வரும் வழிகள் கொஞ்சம், மக்கள் எத்தனை பேர் என்பது தெரியும், யார் எப்போது எந்தப் படகில் வந்தார் என்பதைக்கூடச் சொல்லிவிடுவார்கள். 1846-ல் வடக்கு அட்லாண்டிக்கில் இருக்கும் ஃபரோ தீவுகளில் தட்டம்மை வந்தபோது, பீட்டர் பானும் என்ற இளம் டென்மார்க் மருத்துவர் கிராமம் கிராமமாகப் படகில் போய்க் கேட்டு எழுதினார். அங்கிருந்த 7,782 பேரில் சுமார் 6,000 பேருக்கு அம்மை போட்டிருந்தது. ஆனால் 1781-ல், அதாவது 65 வருடம் முன்னால், ஒருமுறை அம்மை போட்டிருந்த கிழவர்களுக்கு மட்டும் மறுபடி வரவில்லை. தட்டம்மை ஒருமுறை வந்தால் வாழ்நாள் முழுக்க எதிர்ப்புசக்தி நிற்கும் என்பதும், ஒருவரிடமிருந்து தொற்றி உடம்பில் தடிப்பு வர ஏறக்குறைய 14 நாள் ஆகும் என்பதும் அந்தப் படகுப் பயணத்தில் கிடைத்த அறிவு. வைரஸ் என்ற ஒன்றை யாரும் கண்டிராத காலம் அது.

ஆக, குட்டித் தீவுகள் உலகத்துக்குப் பொதுச் சுகாதாரப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்திருக்கின்றன. எனக்கு உறுத்துவது இதுதான்: பாடம் சொல்லிக்கொடுத்த ஊரில் அந்தப் படிப்பு தங்கியதா? மாதிரி விமானம் ஏறுகிறது, கட்டுரை வேறு ஊரில் அச்சாகிறது, ஆய்வாளர் அடுத்த திட்டத்துக்குப் போகிறார். அடுத்த முறை அதே தீவில் தடிப்போடு ஒரு குழந்தை வந்தால், அதைப் பார்த்துச் சந்தேகப்பட, எண்ணிப் பார்க்க, என்ன செய்வது என்று முடிவெடுக்க, சம்பளத்தோடு ஓர் உள்ளூர் ஆள் இருக்கிறாரா? திறன் வளர்ப்பு என்று அறிக்கைகளில் வரும் சொல்லுக்கு நான் கொடுக்கும் பொருள் இவ்வளவுதான். யாப் மருத்துவர்களின் அந்தச் சந்தேகம்தான் அசல் திறன், ஆய்வுக்கூடம் அதற்கு அப்புறம் வருகிறது.

இதில் ஃபிஜியின் கதை பழையது, முக்கியமானதும்கூட. 1874 அக்டோபரில் ஃபிஜி பிரிட்டிஷ் ஆட்சிக்குப் போனது. சில மாதத்தில், 1875 ஜனவரியில், சிட்னி போய்த் திரும்பிய தலைவர் தாக்கொம்பாவின் குழுவோடு டைடோ என்ற போர்க்கப்பலில் தட்டம்மையும் வந்து இறங்கியது. அதுவரை அந்த நோயைப் பார்த்தே இராத மக்கள். சுமார் 40,000 பேர் இறந்தார்கள், அதாவது அன்றைய மக்கள் தொகையில் நாலில் ஒரு பங்குக்கும் மேல். நாலு வருடம் கழித்து, 1879 மே மாதம், கல்கத்தாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு லியோனிடாஸ் கப்பல் ஃபிஜியின் அன்றைய தலைநகரான லெவுக்காவுக்கு வந்தபோது அதில் காலராவும் பெரியம்மையும் இருந்தன. இந்த முறை விடவில்லை. பக்கத்துக் குட்டித் தீவில் எல்லோரையும் தனிமைப்படுத்தி வைத்தார்கள், நோய் ஃபிஜிக்குள் பரவவில்லை. ஆனால் இப்படிக் கப்பல்கள் வந்துகொண்டேதான் இருக்கும், ஒவ்வொரு முறையும் அதிர்ஷ்டம் கைகொடுக்காது என்ற பயம் வந்துவிட்டது. உள்ளூர் இளைஞர்களுக்கு அம்மை குத்தக் கற்றுக்கொடுக்கலாம் என்று 1885-ல், இன்றும் தலைநகராக இருக்கும் சுவாவில் ஒரு பள்ளி தொடங்கினார்கள். 1888-ல் முதல் அணி படித்து வெளியே வந்தது.

அந்தப் பள்ளிதான் வளர்ந்து 1928-ல், ராக்ஃபெல்லர் அறக்கட்டளை உதவியோடு, பசிபிக் முழுக்க இருந்து மாணவர்களை எடுக்கும் மத்திய மருத்துவப் பள்ளியாகி, பின்னால் ஃபிஜி மருத்துவக் கல்லூரியாகி, 2010-ல் ஃபிஜி தேசியப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. இதில் காலனிய அழுக்கு நிறையவே உண்டு. படித்தவர்களுக்கு டாக்டர் பட்டம் கிடையாது, சுதேசி மருத்துவப் பணியாளர் என்றுதான் பெயர், வெள்ளைக்கார மருத்துவருக்குக் கீழேதான் வேலை. ஆனாலும் ஒரு விஷயத்தில் அந்த ஏற்பாடு சரியாக இருந்தது என்று நினைக்கிறேன். டோங்கா, சமோவா, சாலமன் தீவுகளிலிருந்து வந்த பையன்கள் தங்கள் தீவில் என்ன நோய் இருக்கிறதோ அதையே படித்தார்கள், படித்த சான்றிதழ் லண்டனில் செல்லாது என்பதாலும்கூட, படித்து முடித்து ஊருக்குத் திரும்பினார்கள். இன்றைக்கு யாரையும் அப்படிக் கட்டிப்போட முடியாது, கூடாது. ஆனால் ஊரில் தங்கும் படிப்பு என்றால் என்ன என்ற கேள்வி அன்றிலிருந்து இன்றுவரை ஓயவில்லை.

நமக்கும் இதில் ஒரு தொடர்பு இருக்கிறது. 1903 முதல் சென்னையிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகள் ஃபிஜிக்குப் போனார்கள், தமிழர்கள் அதில் நிறையப் பேர். அவர்களும் அவர்கள் வழி வந்தவர்களும் 1926-ல் உருவாக்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் பள்ளிக்கூடங்களை நடத்தியதோடு நிற்காமல், வனுவா லெவு தீவில் இருக்கும் லம்பாசா ஊரில் ஒரு நர்சிங் கல்லூரியையும் நடத்துகிறது. அங்கே எல்லா இனப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். நாட்டின் வடக்குக் கோட்டத்திலேயே நர்ஸுகளை உருவாக்குவது தலைநகரத்தில் இன்னொரு கட்டடம் கட்டுவதைவிட எவ்வளவோ மேல்.

சரி, சிறிய நாடு என்றால் சிக்கலும் சிறியதாகத்தானே இருக்கும் என்று தோன்றலாம். நேர்மாறு. பசிபிக்கில் இருக்கும் நியுவே நாட்டை எடுத்துக்கொள்ளுங்கள், மக்கள் தொகை 2,000-கூட இல்லை. ஒரு வருடத்தில் அங்கே 25 பிரசவம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரே ஒரு தாய் இறந்துவிட்டால் பிரசவகால மரண விகிதம் லட்சத்துக்கு 4,000 என்று வரும், உலகத்திலேயே மோசமான நாடு என்று பட்டியல் சொல்லும். மறு வருடம் யாரும் இறக்கவில்லை என்றால் பூஜ்யம், உலகத்திலேயே சிறந்த நாடு. இரண்டுமே உண்மை நிலையைச் சொல்லவில்லை. அதனால் பல வருடத்து எண்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும், அல்லது அந்த ஒரு மரணத்தை ஆதியோடு அந்தமாக ஆராய வேண்டும். இந்த வேலைக்குப் பெரிய நாட்டுப் பாடப்புத்தகத்தில் இருக்கும் சூத்திரம் போதாது, ஊர் தெரிந்த ஆள் வேண்டும்.

அந்தரங்கமும் இப்படித்தான். இருநூறு பேர் இருக்கும் கிராமத்தில் "35 முதல் 44 வயதுப் பெண்களில் காசநோய்: 1" என்று அட்டவணையில் போட்டால், பெயரைப் போட்ட மாதிரிதான். ஊரே அடுத்த நாள் அந்த வீட்டைப் பார்க்கும். வெளியூர் ஆய்வாளருக்கு அது ஓர் எண், அங்கே இருப்பவருக்கு அது பக்கத்து வீட்டு அக்கா. ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவில் உள்ளூர்க்காரர் இருந்தாக வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

அப்புறம் ஆள் பற்றாக்குறை. ஒரே அதிகாரி காசநோய்த் திட்டத்தையும் பார்ப்பார், தடுப்பூசியையும் பார்ப்பார், புயல் வந்தால் குடிநீரையும் பார்ப்பார், அத்தனைக்கும் அறிக்கை எழுதுவதும் அவரே. ஒவ்வொரு நிதி தரும் அமைப்பும் தனித்தனிப் படிவம் கொடுக்கும், தனித்தனிப் பயிற்சிக்குக் கூப்பிடும். அவர் சுவாவுக்கோ மணிலாவுக்கோ ஒரு வாரம் பயிற்சிக்குப் போய்விட்டால் ஊரில் அந்தத் துறையே பூட்டிக்கிடக்கும். இரண்டு வருடப் படிப்புக்கு வெளிநாடு அனுப்பினால் திரும்பி வருவாரா என்பதே உறுதியில்லை. மார்ஷல் தீவுகள், மைக்ரோனீசியா, பலாவு மக்கள் ஒப்பந்தப்படி விசா இல்லாமலே அமெரிக்காவில் வாழலாம், வேலை பார்க்கலாம். ஃபிஜி நர்ஸுகளை ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இழுத்துக்கொள்கின்றன, கொரோனாவுக்குப் பிறகு அது ஓர் அலையாகவே போனது. போகிறவர்களைக் குறை சொல்ல நான் தயாராக இல்லை. பிள்ளை குட்டி இருக்கிறது, அங்கே சம்பளம் பல மடங்கு. ஆனால் திறன் வளர்ப்புக்கு என்று செலவழித்த பணம் கடைசியில் பணக்கார நாட்டு மருத்துவமனைகளுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதையும் சேர்த்தே கணக்கு எழுத வேண்டும்.

நல்லபடியாக நடந்த ஒன்றைச் சொல்கிறேன், கொஞ்சம் விரிவாகவே. சொறி சிரங்கு. யாரும் சாகாத நோய் என்று உலகம் ஒதுக்கி வைத்திருந்தது. ஃபிஜியில் 2007-ல் எடுத்த தேசிய அளவிலான கணக்கெடுப்பில் 23.6 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு, சிரங்கு இருந்தது. குழந்தைகளுக்கு இன்னும் அதிகம். இரவெல்லாம் அரிக்கும், சொறிந்த இடம் புண்ணாகும், புண்ணுக்குள் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற கிருமி புகும், சீழ் பிடிக்கும், சிலருக்கு அது சிறுநீரகத்தைப் போய்த் தாக்கும். பசிபிக்கில் பிள்ளைகளின் இதய வால்வைக் கெடுக்கும் ருமாட்டிக் காய்ச்சலுக்கும் இந்தப் புண்களுக்கும் தொடர்பு இருக்கும் என்ற சந்தேகமும் உண்டு. ஆக, சிரங்கைக் குறைத்தால் அதோடு சேர்ந்து பல தொல்லைகள் குறையலாம்.

வழக்கமான சிகிச்சை பெர்மெத்ரின் களிம்பு. கழுத்திலிருந்து கால்வரை பூசி, இரவு முழுக்க அப்படியே விட்டுக் காலையில் குளிக்க வேண்டும், வீட்டில் இருக்கிற எல்லோரும் ஒரே நாளில். வேர்த்துக் கொட்டும் ஊரில், ஒரே அறையில் எட்டு பேர் படுக்கும் வீட்டில், பிசுபிசுவென்று களிம்போடு யார் படுப்பார்கள்? அரிப்பு இருக்கிறவருக்கு மட்டும் பூசிவிட்டு மற்றவர்கள் விட்டுவிடுவார்கள், இரண்டு வாரத்தில் சிரங்கை உண்டாக்கும் நுண்பூச்சி திரும்ப வந்துவிடும். 2012 வாக்கில் ஃபிஜி சுகாதார அமைச்சகமும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். தீவுச் சமூகங்களை மூன்று அணியாகப் பிரித்தார்கள், மொத்தம் 2,051 பேர். ஓர் அணியில் வழக்கம்போல நோய் இருப்பவருக்கும் அவர் வீட்டாருக்கும் மட்டும் களிம்பு. இன்னொன்றில் நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லோருக்கும் களிம்பு. மூன்றாவதில் எல்லோருக்கும் ஐவர்மெக்டின் மாத்திரை, கண்ணெதிரே விழுங்க வைத்தார்கள். கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் மட்டும் களிம்பு.

ஒரு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால், மாத்திரை கொடுத்த அணியில் 32.1 சதவீதமாக இருந்த சிரங்கு 1.9 ஆகிவிட்டது. எல்லோருக்கும் களிம்பு கொடுத்த இடத்தில் 41.7-லிருந்து 15.8, வழக்கமான சிகிச்சையில் 36.6-லிருந்து 18.8. 2015-ல் இது வெளியானது. அடுத்து சாலமன் தீவுகளின் சொய்சல் மாகாணத்தில் 26,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு மாத்திரை கொடுத்துப் பெரிய அளவிலும் இது சாத்தியம் என்று காட்டினார்கள். 2017-ல் உலக சுகாதார நிறுவனம் சிரங்கைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள் பட்டியலில் சேர்த்தது. 2019-ல் ஃபிஜியின் வடக்குக் கோட்டம் முழுக்க, லம்பாசா இருக்கும் அதே கோட்டம், லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்கு மாத்திரை போனது.

எண்களுக்குப் பின்னால் ஒரு காட்சி இருக்கிறது. ஃபிஜி கிராமத்துக்குள் மாத்திரை டப்பாவோடு நேராகப் போய்விட முடியாது. யங்கோனா, அதாவது காவா பானம் செய்யும் செடியின் வேர்க்கட்டைக் கொண்டுபோய், ஊர்ப் பெரியவர்கள் முன்னால் பாயில் உட்கார்ந்து, வந்த காரணத்தைச் சொல்லி அனுமதி கேட்க வேண்டும், செவுசெவு என்று அதற்குப் பெயர். அதன் பிறகு ஊர் நிர்வாகத்தைப் பார்க்கும் துராங்கா நி கொரோ நாள் குறிப்பார், கிராமச் சுகாதாரப் பணியாளர் வீடு வீடாகச் சொல்வார். யார் வீட்டில் யார் இருக்கிறார், யார் கரும்பு வெட்டப் போயிருக்கிறார், எந்தப் பெண்ணுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது, எல்லாம் அந்தப் பணியாளருக்குத் தெரியும். கர்ப்பிணிக்கு மாத்திரை கொடுக்கக் கூடாது என்ற விதி அவர் இல்லாமல் வெறும் காகித விதிதான். ஆய்வின் தரம் என்று நாம் சொல்வதில் பாதி அவர் கையில் இருக்கிறது, ஆனால் எந்த ஆய்வுக் கட்டுரையின் முதல் பக்கத்திலும் அவர் பெயர் வருவதில்லை. இது மாற வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். பெயர் வருவது மட்டும் போதாது, அவர் சேகரித்த எண்ணிக்கை அவருக்கே திரும்பி வந்து, அவர் ஊரில் இப்போது எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அவரே சொல்லும்படி இருக்க வேண்டும்.

இதற்கு நேரெதிரான ஒன்று சமோவாவில் நடந்தது. 2018 ஜூலையில் சவாயி தீவில் இரண்டு கைக்குழந்தைகள் தட்டம்மை தடுப்பூசி போட்ட சில நிமிடங்களில் இறந்தன. தடுப்பூசியில் தவறில்லை. தூள் மருந்தைக் கலக்கத் தண்ணீருக்குப் பதிலாகக் காலாவதியான, தசையைத் தளர்த்தும் மயக்க மருந்தைக் கலந்துவிட்டார்கள். இரண்டு நர்ஸுகள் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஐந்து வருடச் சிறைத் தண்டனை பெற்றார்கள். ஆனால் அதற்குள் அந்தத் தடுப்பூசித் திட்டமே மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தது, திரும்பத் தொடங்கியபோது பெற்றோர் பயந்துபோயிருந்தார்கள், வதந்தி பரப்புகிறவர்கள் வேறு. 2018-ல் முதல் தவணை போட்ட குழந்தைகள் 31 சதவீதம்தான் என்பது உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப் கணக்கு.

2019-ல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் தட்டம்மை பரவிக்கொண்டிருந்தது. ஆக்லாந்துக்கும் சமோவாவின் தலைநகரான அப்பியாவுக்கும் இடையே எவ்வளவு போக்குவரத்து என்பது எல்லோருக்கும் தெரியும். நவம்பரில் அவசரநிலை அறிவித்தார்கள், பள்ளிகளை மூடினார்கள். டிசம்பர் 5, 6 தேதிகளில் அரசு அலுவலகங்களையே மூடிவிட்டு, ஊழியர்கள் வீடு வீடாகப் போனார்கள். ஊசி போடாதவர் இருக்கும் வீட்டுவாசலில் சிவப்புத் துணி கட்டச் சொன்னார்கள். சாலையோரம் எங்கு பார்த்தாலும் சிவப்பு. சில வாரத்தில் நாட்டில் ஏறக்குறைய எல்லோருக்கும் தடுப்பூசி போட்டு முடித்தார்கள். ஆனால் அதற்குள் இரண்டு லட்சம் பேர் உள்ள நாட்டில் 5,700 பேருக்கு மேல் நோய் வந்து 83 பேர் இறந்திருந்தார்கள், பெரும்பாலும் ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள். அதே சமயத்தில் டோங்காவுக்கும் ஃபிஜிக்கும் கூட தட்டம்மை போனது. அங்கே பெரும்பாலானவர்களுக்கு ஏற்கெனவே ஊசி போட்டிருந்தது, ஒரு மரணமும் இல்லை.

சமோவாவுக்கு இது புதிதில்லை என்பதுதான் கொடுமை. 1918 நவம்பர் 7-ஆம் தேதி ஆக்லாந்திலிருந்து வந்த தலூன் கப்பலைத் தனிமைப்படுத்தாமல் அப்பியாவில் இறங்க விட்டதால் ஃப்ளூ பரவி சுமார் 8,500 பேர், மக்கள் தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல், இறந்தார்கள். பக்கத்திலேயே இருக்கும் அமெரிக்க சமோவாவில் ஆளுநர் போயர் கப்பல்களைத் தடுத்து நிறுத்தினார், அந்த ஃப்ளூவால் அங்கே ஒருவரும் சாகவில்லை. ஒரே மக்கள், ஒரே மொழி, நடுவே கொஞ்ச தூரக் கடல். ஒரு நிர்வாக முடிவு எத்தனை உயிர் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் பொதுச் சுகாதார வரலாற்றில் அரிது.

2018-ல் சமோவாவில் இல்லாதது என்ன? தடுப்பூசி பற்றிய அறிவியல் இருந்தது, மருந்தும் இருந்தது. இரண்டு மரணங்களை விரைந்து விசாரித்து, தவறு கலவையில், தடுப்பூசியில் இல்லை என்று மக்கள் நம்பும்படி உள்ளூர் குரலில் சொல்வதற்கான பலம் போதவில்லை. எந்தக் கிராமத்தில் எத்தனை குழந்தைக்கு ஊசி விட்டுப்போயிருக்கிறது என்ற எண்ணை மாதாமாதம் பார்த்து, இது ஆபத்து என்று மேஜையைத் தட்டிச் சொல்லும் ஆள் போதவில்லை. குப்பியில் லேபிளைச் சரிபார்க்கும் பழக்கத்திலிருந்து தொடங்குகிற ஒரு சங்கிலி அது, நர்ஸுகள் இருவரைச் சிறையில் போட்டதால் அது சரியாகிவிடாது.

அந்தச் சங்கிலியை உருவாக்க பசிபிக் நாடுகள் சும்மா இருந்துவிடவில்லை. 1996-ல் பசிபிக் சமூகம் என்ற வட்டார அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து பசிபிக் பொதுச் சுகாதாரக் கண்காணிப்பு வலையமைப்பைத் தொடங்கின, 22 நாடுகளும் ஆட்சிப்பகுதிகளும் அதில் உண்டு. ஒரு தீவில் விசித்திரமாக ஏதாவது தெரிந்தால் பக்கத்துத் தீவுக்கு மின்னஞ்சலில் சொல்லிவிடுவதுதான் அதன் அடிப்படை. 2010-லிருந்து இன்னும் எளிமையான ஒன்று வந்தது. ஆய்வுக்கூடம் இல்லாத இடத்திலும் நர்ஸ் வாரம் ஒருமுறை நாலு எண்களை அனுப்ப வேண்டும்: காய்ச்சலும் தடிப்புமாக வந்தவர் எத்தனை, வயிற்றுப்போக்கு எத்தனை, ஃப்ளூ மாதிரி எத்தனை, விடாத காய்ச்சல் எத்தனை. அவ்வளவுதான். எண் திடீரென ஏறினால் யாராவது போய்ப் பார்க்க வேண்டும்.

ஆனால் அந்த எண்ணைப் பார்த்து யோசிக்கத் தெரிய வேண்டுமே. அதற்குத்தான் 'முடிவெடுக்கத் தரவு' என்ற பெயரில் ஒரு பயிற்சி; ஃபிஜி தேசியப் பல்கலைக்கழகம் 2013-லிருந்து முறையான சான்றிதழ் கொடுக்கும் படிப்பாக அது மாறியது. எனக்கு இதில் பிடித்தது அதன் வடிவம். ஆளை வேலையிலிருந்து பிய்த்து எடுப்பதில்லை. சில நாள் வகுப்பு, பிறகு ஊருக்குத் திரும்பி, தன் மருத்துவமனைப் பதிவேட்டை வைத்தே ஒரு கேள்வியை எடுத்து ஆராய்ந்து, அடுத்த வகுப்புக்கு அதோடு வர வேண்டும். சேருகிறவர்கள் நர்ஸ், லேப் டெக்னீஷியன், சுகாதார ஆய்வாளர். ஒருவர் தன் தீவில் லெப்டோஸ்பைரோசிஸ், அதாவது எலிக்காய்ச்சல், எந்த மாதத்தில் கூடுகிறது என்று பார்ப்பார், இன்னொருவர் நீரிழிவால் கால் எடுக்கப்பட்டவர்களின் பதிவேட்டைப் புரட்டுவார். சான்றிதழ், டிப்ளமோ, விரும்பினால் முதுகலை வரை படியேறலாம். உலக இதழில் அச்சாகாத ஆய்வுதான் இவற்றில் அதிகம். ஆனால் அடுத்த மாதமே அந்த ஊரில் ஒரு முடிவை மாற்றும் ஆய்வு அதைவிடக் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஆய்வுக்கூடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2020 தொடக்கத்தில் கொரோனா மாதிரிகளைப் பல தீவுகள் மெல்போர்னுக்கும் நியூசிலாந்துக்கும் அனுப்பிக்கொண்டிருந்தன. விமானங்கள் நின்றுபோனதும் அந்த ஏற்பாடும் ஆட்டம் கண்டது. கைகொடுத்தது ஏற்கெனவே காசநோய்க்காக வாங்கி வைத்திருந்த ஜீன்எக்ஸ்பர்ட் இயந்திரம், நம்மூர் காசநோய்ப் பிரிவில் சிபிநாட் என்று சொல்கிற அதேதான். கேட்ரிட்ஜை மட்டும் மாற்றிக் கொரோனா பார்த்தார்கள். ஃபிஜியில் சுவாவின் மத்தாய்க்கா ஹவுஸ் ஆய்வுக்கூடம் 2020 மார்ச்சில் சொந்தமாகவே பரிசோதனையைத் தொடங்கியிருந்தது. அந்தக் கூடத்தின் பெயர் யானைக்கால் நோய் ஆராய்ச்சியில் வாழ்ந்த ஃபிஜி மருத்துவர் ஜோனா மத்தாய்க்காவுடையது.

கேள்வியை யார் கேட்கிறார் என்பது இன்னொரு பிரச்சினை. இதன் இருண்ட மூலை மார்ஷல் தீவுகளில் இருக்கிறது. 1954 மார்ச் 1 அன்று அங்கே பிகினி என்ற பவளத்தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் ரொங்கெலாப் என்ற இன்னொரு பவளத்தீவின் மக்கள் மேல் கொட்டியது. இரண்டு நாள் கழித்துத்தான் அவர்களை வெளியேற்றினார்கள், உடனே கதிர்வீச்சு மனித உடலை என்ன செய்கிறது என்று ஆராயும் திட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். 1957-ல் கதிரியக்கம் தங்கியிருந்த அதே தீவுக்குத் திருப்பி அனுப்பி, வருடா வருடம் வந்து ரத்தம் எடுத்தார்கள். 1985-ல் மக்களே ஊரைக் காலி செய்துகொண்டு கிளம்பினார்கள். பசிபிக்கில் இன்றும் ஆய்வாளர் என்றால் சிலர் முகம் சுளிப்பதற்கு இப்படிப்பட்ட காரணங்கள் இருக்கின்றன, அதை மனதில் வைத்துக்கொண்டுதான் யாரும் அங்கே போக வேண்டும்.

நல்ல உதாரணம் இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது, தமிழர் நிறைய வாழும் மொரிஷியஸ். 1987-ல் நாடு தழுவிய கணக்கெடுப்பில் நீரிழிவும் ரத்தக்கொழுப்பும் அதிகம் என்று தெரிந்தது. அரசு சும்மா விழிப்புணர்வுச் சுவரொட்டி ஒட்டிவிட்டு இருக்கவில்லை. மக்கள் சமையலுக்கு வாங்கும் ரேஷன் எண்ணெய் பெரும்பாலும் பாமாயில், அதைச் சோயா எண்ணெயாக மாற்றியது. 1992-ல் மறுபடி எடுத்துப் பார்த்தபோது சராசரி கொலஸ்ட்ரால், நம் லேப் ரிப்போர்ட் கணக்கில் சொன்னால், சுமார் 213-லிருந்து 182 ஆகியிருந்தது. நீரிழிவு குறையவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் கணக்கெடுத்தவரும் முடிவெடுத்தவரும் பக்கத்துப் பக்கத்து அலுவலகத்தில் இருந்தால் ஐந்து வருடத்தில் ஒரு நாட்டின் ரத்தமே மாறும் என்பதை அது காட்டியது. சிறிய நாட்டுக்கு இருக்கும் பெரிய பலம் இதுதான், அமைச்சரைப் பார்க்க ஆறு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை.

நிதி கொடுப்பவர்கள் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். பயிற்சிக்குப் பணம் கிடைக்கும், பயிற்சி முடித்தவருக்குப் பதவி கிடைக்காது. மூன்று வருடத் திட்டம் முடிந்ததும் தரவு அலுவலர் என்ற வேலை மறைந்துவிடும், அவர் வேறு வேலைக்கோ வேறு நாட்டுக்கோ போவார், நான்காம் வருடம் வேறொரு அமைப்பு வந்து வேறொருவருக்கு அதே பாடத்தை முதலிலிருந்து நடத்தும். அரசு வரவுசெலவில் நிரந்தரப் பணியிடமாக அதை ஏற்றும் வரை சம்பளத்தைப் பகிர்ந்துகொள்வதுதான் உண்மையான உதவி.

ஆளை ஊரை விட்டு அனுப்பாமலே பயிற்சி கொடுக்க, பசிபிக் தீவு நாடான கிரிபாட்டியில் ஒரு வழி கண்டார்கள். பசிபிக் நாடுகள் பல தங்கள் மாணவர்களைக் கியூபாவுக்கு அனுப்பி மருத்துவம் படிக்க வைத்தன. ஸ்பானிய மொழியில், வேறு விதமான பாடத்தில் படித்துவிட்டுத் திரும்பிய இளைஞர்களை எப்படிப் பயன்படுத்துவது என்று பல இடங்களில் திணறினார்கள். கிரிபாட்டி தன் தலைநகரத் தீவான தராவாவில், துங்காரு மத்திய மருத்துவமனையிலேயே பயிற்சி மருத்துவர் திட்டம் ஒன்றை அமைத்தது. மூத்த மருத்துவர்கள் வெளியிலிருந்து வந்து சொல்லிக்கொடுத்தார்கள், இளைஞர்கள் ஊரை விட்டுப் போகாமல் அங்கேயே, தங்கள் சொந்த நோயாளிகளை வைத்தே கற்றுக்கொண்டார்கள். ஆசிரியர் விமானம் ஏறி வந்தார், மாணவர் ஊரிலேயே இருந்தார். மற்ற தீவுகளின் நர்ஸுகளுக்கும் லேப் டெக்னீஷியன்களுக்கும் இதே ஏற்பாட்டை விரிக்க என்ன செலவாகும் என்று யாராவது உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும்.